கொட்டகையும் கூடமும்

2020 மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' திரையரங்கைத் தொடாமலே அமேசான் பிரைமில் வெளியானதும், திரையரங்கு உரிமையாளர்கள் அதை எதிர்த்துக் குரலெழுப்பியதும் அன்று வியாபாரத் தகராறாகவே பேசப்பட்டன. பார்க்கும் இடம் மாறினால் படத்தைப் பற்றிய அபிப்பிராயமும் மாறிவிடுகிறது என்பது அடுத்து வந்த ஆண்டுகளில்தான் துலங்கியது. ஓடிடி எனப்படும் இணையத் திரைத்தளங்களுக்கு 'மாஸ்டர்' 2021இல் திரையரங்கில் வெளியான 16ஆம் நாளே வந்து சேர்ந்தது. பிறகு நான்கு வார இடைவெளி பரவலாயிற்று. 2024இல் ஜூன் 14 வெளியான 'மகாராஜா' ஜூலை 12 அன்றும், செப்டம்பர் 27 வெளியான 'மெய்யழகன்' அக்டோபர் 25 அன்றும், நாள் பிசகாமல் அந்தக் கணக்கில் வீட்டுக்கு வந்தவை.

பெரிய படத்துக்குத் தியேட்டர், சின்னப் படத்துக்கு வீடு என்ற பாகுபாடு இன்று எங்கும் புழங்குகிறது. 'ஓடிடியில் பார்த்துக்கொள்ளலாம்' என்பதே ஒரு விமர்சனத் தீர்ப்பாகிவிட்டது. இதில் பாதி உண்மைதான். 2021 ஜூலையில் நேரடியாக இணையத்தில் வந்த பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'யில், டான்சிங் ரோஸ் என்ற குத்துச்சண்டை வீரர் வளையத்துக்குள் ஆடி ஆடிக் குத்தும் காட்சி, திரைக்குள் ஆர்ப்பரிக்கும் வடசென்னைக் கூட்டத்துக்குப் பதில் சொல்ல ஒரு விசில்கூட இல்லாத கூடங்களில் ஓடி முடிந்தது.

மீதிப் பாதியை 'மகாராஜா' மறுக்கிறது. வெவ்வேறு காலங்களில் நடப்பவற்றை ஒரே காலத்தில் நடப்பதாக நம்பவைத்து இறுதியில் முடிச்சை அவிழ்க்கும் நித்திலன் சாமிநாதனின் கதைசொல்லல், பின்னோட்டிப் பார்க்கும் வசதியுள்ள வீட்டில்தான் முழுமையாகச் சோதிக்கப்படுகிறது. அந்தச் சோதனையில் திரைக்கதையின் கெட்டித்தனம் தேறுகிறது, ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைத் திருப்பத்துக்கான விசையாக வைத்த முடிவு தேறவில்லை. 'மெய்யழகன்' கதை வேறு. ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம், நீளம் என்ற குறை எழுந்ததும் சுமார் 18 நிமிடம் குறைக்கப்பட்டது. தன்னை இத்தனை பாசத்தோடு கவனித்துக்கொள்பவனின் பெயர்கூட நினைவில்லாமல் ஒருவன் இரவெல்லாம் தவிக்கும் சங்கடத்தை, எழுந்துபோக முடியாத இருக்கையில் பார்ப்பவரும் அனுபவிக்க வேண்டும் என்பதே அந்த நீளத்தின் காரணம் என்று கொண்டால், இடையிடையே நிறுத்திக் காப்பி குடிக்கும் வீட்டு ரசிகர் படத்தை மன்னிக்கிறாரே தவிர அதற்குள் சிக்குவதில்லை.

பாகுபாட்டைத் தலைகீழாக்குவது பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024). வேற்றுச் சாதிக்காரனை விரும்பிய மீனாவுக்குப் 'பேய் ஓட்ட' ஒரு குடும்பம் ஆட்டோவிலும் இருசக்கர வண்டிகளிலும் சாமியாடியிடம் போகிறது. பலிக்கான சேவலும் உடன் போகிறது. பின்னணி இசை, அதாவது காட்சியின் உணர்ச்சியை முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கும் இசை, இப்படத்தில் அறவே கிடையாது. மீனாவை மணக்கவிருக்கும் பாண்டியின் தொண்டை கட்டிய கரகரப்பு, ஆட்டோவின் இரைச்சல், ஏறத்தாழ வாயே திறக்காத மீனாவின் மௌனம் ஆகியவைதான் அதன் ஒலிப்பரப்பு. வழிமறித்து நிற்கும் காளையிடம் ஆண்கள் தயங்கி நிற்க, ஒரு சிறுமி வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிச் செல்லும்போது சிரிப்பை எழுப்ப ஒரு தாளமும் இல்லை. மிக்ஸிச் சத்தமும் அழைப்புமணியும் குறுக்கிடும் கூடத்தில் இந்த மௌனம் வெறும் வெற்றிடமாகிவிடும். கொட்டகையின் இருட்டிலோ பக்கத்து இருக்கைக்காரர் நெளிவதுகூடப் படத்தின் பகுதியாகிறது. பிரம்மாண்டம் சின்னத் திரையிலும் ஓரளவு தப்பிப்பிழைக்கும், அமைதி பிழைக்காது.

அதே இயக்குநரின் முதல் படமான 'கூழாங்கல்', 2021இல் ராட்டர்டாம் திரைவிழாவின் புலி விருதைப் பெற்றும், தமிழ்ப் பொதுப் பார்வையாளருக்கு 2023 அக்டோபரில் சோனி லிவ் வழியாகவே கிடைத்தது. வறண்ட நிலத்தின் ஊற்றுக்குழியில் பெண்கள் சிறுகச் சிறுக நீரை மொண்டு குடத்தில் சேர்க்கும் அதன் இறுதிக் காட்சி வேண்டுமென்றே நீட்டப்பட்டது. ரிமோட்டில் பத்து விநாடி தாவும் பொத்தான் இருக்கும் வீட்டில், குடம் நிறையும்வரை எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பது எந்த வசூல் கணக்கிலும் வராது.