கல்லறைத் தோட்டத்தில் ஒரு காதல்

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கையும் அச்சமும் உவகையும் அடங்கும். ஆவிகள் உலவும் கதைகளை எழுதுவோர் பெரும்பாலும் முதலிரண்டோடு நிறைவடைந்து விடுகின்றனர். மூன்றையும் ஒருங்கே இணைத்து, அவற்றினூடே ஒரு குடும்பத்தின் மனச்சிக்கலையும் ஆராயும் இளைஞர் நாவல்கள் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஏய்டன் தாமஸ் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘செமட்டரி பாய்ஸ்’ என்னும் ஆங்கில நாவல். அவ்வாண்டின் அமெரிக்கத் தேசிய நூல் விருதுக்குரிய இளைஞர் இலக்கிய நெடும்பட்டியலில் அது இடம்பெற்றது. இரு இளைஞர்களுக்கிடையே மலரும் காதலே அதன் பொருள் என்றவுடன் நம்மவருள் சிலர் நூலை மூடிவிடக்கூடும். உள்ளே இருப்பது யாதென அறிந்த பின்னர்த் தீர்ப்புக் கூறுதலே திறனாய்வின் முறை.

கதை நிகழும் களம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதி. லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றிலிருந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே ஒரு கல்லறைத் தோட்டத்தைக் காத்து வாழ்கின்றன. மரணத்தின் தலைவியான தெய்வத்திடம் வரம் பெற்ற குலம் அது. ஆடவர் இறந்தோரின் ஆவியை இவ்வுலகப் பிணிப்பிலிருந்து விடுவிப்பர். மகளிர் நோய் தீர்ப்பர். பதினைந்து வயது நிரம்பியோர் சடங்கு வழியே அவ்வாற்றலைப் பெறுவது குலமரபு. கதைத்தலைவன் யாட்ரியல், பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டுத் தன்னை ஆணென உணர்ந்து வாழ்பவன். இன்றைய தமிழில் திருநம்பி. ஆடவர்க்குரிய சடங்கை அவனுக்குச் செய்விக்கக் குடும்பம் மறுக்கிறது. ஆகவே மரிட்சா என்னும் உறவுப்பெண்ணின் துணையோடு, பாழடைந்த தேவாலயத்தில் அவன் தானே அச்சடங்கை நிகழ்த்துகிறான். தெய்வம் ஏற்றுக்கொள்கிறது.

பின்னர் அவன் அழைத்த ஆவி, அவன் தேடியவருடையதன்று. அவனோடு ஒரே பள்ளியில் பயின்ற ஜூலியன் டியாஸ் என்பவனுடையது. தான் எவ்வாறு இறந்தான் என்பதை ஜூலியன் அறியான். தன் நண்பர் நலமாக உள்ளனர் என்று கண்டாலன்றி இவ்வுலகை நீங்க மறுக்கிறான். இறந்தோர் திருநாளுக்கு முந்தைய சில நாட்களில் இருவரும் அவன் மரணத்தின் உண்மையைத் தேடி அலைகின்றனர். அத்தேடலினூடே அன்பு அரும்புகிறது. நம் மரபில் பழையனூர் நீலி போன்ற ஆவிகள் பழி தீர்க்க வருகின்றன. இங்கோ ஆவி ஓயாது பேசுகிறது, நகைக்கிறது, நண்பரை எண்ணிக் கலங்குகிறது. ஆவி நெடுநாள் தங்கினால் தன்னிலை இழந்து கொடியதாகிவிடும் என்பது அக்குலத்தின் நம்பிக்கை. எனவே காதலன் ஆற்ற வேண்டிய கடமையே காதலை முடிப்பதாகவும் அமைகிறது. கதையின் இறுக்கம் முழுவதும் இம்முரணிலிருந்தே பிறக்கிறது.

மீமானுடக் கூறுகள் இந்நாவலில் வெறும் அணிகலன்கள் அல்ல. அவை வாதத்தின் உறுப்புகள். யாட்ரியல் யார் என்னும் வினாவுக்குத் தெய்வம் கதையின் தொடக்கத்திலேயே விடையளித்துவிடுகிறது. எஞ்சிய முந்நூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் மனிதர் அவ்விடையை நோக்கி மெல்ல நடந்து வருகின்றனர். மரபின் பெயரால் அவன் தடுக்கப்படுகிறான். ஆனால் மரபின் மூலமாகிய தெய்வம் அவனைத் தடுக்கவில்லை. மரபையும் மரபின் காவலரையும் ஆசிரியர் இவ்வாறு வேறுபடுத்திக் காட்டுவது கூர்ந்து நோக்கத்தக்கது. யாட்ரியல் குலத்தை உதறிச் செல்ல எண்ணவில்லை. அதன் சடங்கில் தனக்குரிய இடத்தையே வேண்டுகிறான்.

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வாழும் நமக்கு இது நன்கு விளங்கும். யமுனைக் கரையிலோ மும்பைக் கடற்கரையிலோ அமாவாசைத் தர்ப்பணம் செய்யும்போது, ஊரிலிருப்பவரினும் ஒருபடி கூடுதலாகவே முறைகளைப் பற்றிக்கொள்கிறோம். தென்புலத்தாரைப் பேணுதலை இல்லறக் கடமைகளுள் வைத்தவர் வள்ளுவர். அக்கடமையைத் தொடர்ந்து செய்ய முன்வரும் பிள்ளையை, அவன் இத்தகையன் என்பதற்காக வாயிற்படியில் நிறுத்துவது கடமையைக் காப்பதாகுமா? இவ்வினாவை நாவல் உரத்துக் கேட்கவில்லை. கல்லறைகளுக்கு மலர் தொடுக்கும் வீட்டாரைக் காட்டி நம்மைக் கேட்கச் செய்கிறது.

மொழியைக் கையாளும் முறையும் குறிப்பிடத்தக்கது. ஸ்பானிய மொழியில் பெயர்ச்சொற்கள் ஆண்பால், பெண்பால் எனப் பிரிந்து நிற்பவை. அன்புடைய உறவினரும் பழக்கத்தால் பழைய பெண்பாற் சொற்களுக்கே நழுவுகின்றனர், பகையால் அன்று. அந்நழுவல் ஒவ்வொன்றும் யாட்ரியலுக்குச் சிறு காயம். தமிழில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது; ‘வந்தான்’, ‘வந்தாள்’ என வினைமுற்றே பாலைக் காட்டிவிடும். ஆயினும் ‘அவர்’ என்னும் சொல்லும் நம்மிடம் உண்டு. பெயர் சொல்லி அழைப்பதில் இத்துணை வலி இருக்கக்கூடும் என்பதை உணர்த்தியதே இந்நூலின் பெரும்பயன் எனலாம். ஆசிரியர் தாமும் லத்தீன் அமெரிக்க மரபில் வந்த திருநராதலின், அவ்வலி கேட்டறிந்ததாக அன்றிப் பட்டறிந்ததாக ஒலிக்கிறது.

குறைகளும் உள. வீட்டை விட்டு வெளியேறியும் வெளியேற்றப்பட்டும் தெருவில் ஒன்றுகூடி வாழும் ஜூலியனின் நண்பர்களை ஆசிரியர் உயிரோட்டத்துடன் அறிமுகப்படுத்துகிறார். கதை வேகம் கொண்டபின் அவர்களை ஓரத்தில் நிறுத்திவிடுகிறார். யாட்ரியலின் பெரியப்பா கத்ரீஸ் ஆற்றலின்றிப் பிறந்தமையால் தலைமையை இழந்தவர். அவரும் அதே மரபால் ஒதுக்கப்பட்டவரே. அவரே கொலையாளி எனத் தேர்ந்த வாசகர் முன்னரே உய்த்துணர்வர். ஒதுக்கப்பட்ட இருவருள் ஒருவர் கொடியவராகவும் ஒருவன் நல்லவனாகவும் ஆனது ஏன் என்னும் அரிய வினா எழுகிறது. ஆயின் இறுதிப் போராட்டத்தின் பரபரப்பில் அது கரைந்துவிடுகிறது. முடிவில் ஜூலியன் உயிர் மீள்வது இளம் வாசகரை மகிழ்விக்கும். எனினும், பிரிந்தே ஆகவேண்டும் என்று கட்டியெழுப்பிய துயரத்தை அது எளிதில் தீர்த்துவிடுகிறது.

இவற்றினும் முதன்மையான ஒன்று உண்டு. விழாவில் குலத்தார் முன்னிலையில் யாட்ரியல் ஏற்றுக்கொள்ளப்படுவது, அவன் தன்னுயிரைப் பணயம் வைத்துப் பிறர் உயிர் காத்த பின்னரே. அருஞ்செயல் எதுவும் ஆற்றாத எளிய பிள்ளையாக அவன் இருந்திருந்தால் அவ்விடம் கிட்டியிருக்குமா? தெய்வம் விலை கேளாமல் கொடுத்ததை மனிதர் விலை பெற்றே கொடுத்தனர். ஆசிரியர் இதனைக் கருதியே அமைத்தாரா, காவியத் தலைவர்க்குரிய பழைய வாய்பாட்டில் அறியாது விழுந்தாரா என்பது வாதத்துக்குரியது. எவ்வாறாயினும், படிப்போர் நெஞ்சில் அவ்வினா தங்கிவிடுகிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டில் திருநரின் உரிமைகளை ஏற்றுத் தீர்ப்பளித்தது; வயது வந்தோர் மனமொப்பிக் கொள்ளும் தன்பால் உறவு குற்றமன்று என 2018-ஆம் ஆண்டில் கூறியது. சட்டம் கூறக்கூடியது அவ்வளவே. உணவு மேசையில் பிள்ளையை எப்பெயரால் அழைப்பது என்பதை வீடுகளே முடிவு செய்ய வேண்டும். வீட்டிலுள்ள இளைஞர் கையில் இந்நூலைக் காணும் பெற்றோர் அதனைப் பறிக்க வேண்டா. அவர் படித்து முடித்தபின் தாமும் வாங்கிப் படிப்பாராக.