தெரிந்துவினையாடல் அதிகாரமும் தலைமைப் பண்பும்

திருக்குறளை மேலாண்மை நோக்கில் அணுகுவோர் பலரும் 517-ஆம் குறளைச் சான்றாக்கி, தக்கவரிடம் தக்க பணியை ஒப்படைத்தலே தலைமைப் பண்பு என முடிப்பர். இம்முடிபு குறையுடையது. அக்குறள் வினை, கருவி, வினைசெய்வான் என்னும் மூன்றன் பொருத்தத்தை ஆராயச் சொல்கிறது. அதனோடு நின்றால் வினைசெய்வானும் ஒரு கருவியாகவே எஞ்சுவான். அடுத்த இரு குறள்கள் இந்நிலையை மாற்றுகின்றன. உரியவன் எனத் தேர்ந்தபின், அவனை அவ்வினைக்கு முழுதும் உரியவனாக்குமாறு 518 பணிக்கிறது. வினையில் முயல்வோன் உரிமையோடு பழகுதலைத் தவறாகக் கருதும் தலைவனை விட்டுச் செல்வம் நீங்கும் என்பது 519. அத்தவறான கருத்து, பொறாதார் சொற்கேட்டுப் பிறப்பது என விரிக்கிறார் பரிமேலழகர். முதற்குறள் பணியாளனின் தகுதியை அளக்க, பின்னிரண்டும் தலைவனின் தகுதியை அளக்கின்றன. தெரிந்துதெளிதலின் இறுதிக் குறளும் (510) ஆராயாது நம்புதலையும் நம்பியபின் ஐயுறுதலையும் ஒருங்கே கடிகிறது. எனவே, தேர்ந்தெடுக்கும் திறனைப் போலவே, தேர்ந்தபின் தலையிடாது நம்பும் அடக்கமும் தலைமைக்கு இன்றியமையாதது என்பது பெறப்படும். 517-ஐ மட்டும் தனித்தெடுத்து ஓதுவது, தலைவனுக்கு வள்ளுவர் விதித்த கட்டுப்பாட்டை விலக்கி, ஏவும் அதிகாரத்தை மட்டும் அவனுக்கு அளிப்பதாக முடியும்.