மெதுவான மோர்ஸ்: கண்ணுக்கு லாபம், காதுக்கு நட்டம்

ஹாம் ரேடியோவில் "மெதுவான மோர்ஸ்" என்றதும் இரண்டு வேறு சங்கதிகள் குழம்பிவிடும். ஒன்று, கத்துக்கறவங்களுக்காக நிதானமாக அனுப்புவது. நம்ம நாட்டு ஜெனரல் கிரேடு உரிமத் தேர்வு கேட்பதே நிமிஷத்துக்கு 8 சொல்தான். நான் எழுத வந்தது இன்னொன்றைப் பற்றி: கியூஆர்எஸ்எஸ். "கியூஆர்எஸ்" என்றால் மெதுவாக அனுப்பு என்று தந்திக்காரர் சுருக்கம். கூட ஒரு எஸ் போட்டால், இன்னும் மெதுவாக. இதில் ஒரு புள்ளி 3 நொடி நீளும், சிலர் 10 நொடிகூட வைப்பாங்க. இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு கண்ணிமைப்பு நேரம். இங்கே ஒரு குறில் முடிவதற்குள் ஒரு வாய் காப்பி குடிச்சுடலாம். காதால் படிக்கவே முடியாது, கம்ப்யூட்டர் திரையில் ஊர்ந்து வரும் கோடாகப் பார்த்துத்தான் படிக்கணும்.

எதுக்கு இந்தப் பொறுமை? புள்ளி நீள நீள, கேட்கும் ஜன்னலைக் குறுக்கிக்கொண்டே போகலாம். ஜன்னல் குறுகினால் உள்ளே வரும் இரைச்சலும் குறையும். நிமிஷத்துக்கு 12 சொல் வேகத்தில் புள்ளி 0.1 நொடி. அதை 10 நொடி ஆக்கினால் நூறு மடங்கு. காகிதக் கணக்குப்படி 100 வாட் செய்யும் வேலையை 1 வாட் செய்யும். மில்லிவாட்டில் கடல் தாண்டுகிறார்கள் என்பது புளுகு இல்லை.

ஆனால் இந்த மின்சிக்கன வாதத்தை இன்னமும் முதல் வாதமாக வைப்பது எனக்கு ஒப்பவில்லை. இயற்பியலுக்கு 1993இல் நோபல் வாங்கிய ஜோ டெய்லர், 2008இல் விஸ்பர் முறையைக் கொண்டுவந்தார். அதில் அழைப்புக்குறி, இருப்பிடக் கட்டம், வாட் அளவு மூன்றும் 110.6 நொடியில் போய்விடும். இங்கே "விடியூ2" என்ற நம்ம இந்திய முன்னொட்டை மட்டும் எடுத்துக்குங்க. இடைவெளிகளோடு 37 புள்ளி நீளம், 3 நொடி வீதம் 111 நொடி. அங்கே முழுச் செய்தி போகும் நேரத்தில் இங்கே பேரில் பாதிகூட முடியாது. இதில் உரையாடல் எங்கே நடக்கும்?

அப்புறம் அலைவரிசை நகர்வு. பலரும் கூடுவது 10.140 மெகாஹெர்ட்ஸ் பக்கம், சுமார் 100 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள். அந்த இடத்தில் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு நகர்ந்தாலே 101 ஹெர்ட்ஸ், ஆள் வரப்பைத் தாண்டிவிடுவார். துடியலூர் மாதிரி இடத்தில், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஜன்னல் வழியாக அடிச்சால் கோடு அப்படியே சாயும். கிரிஸ்டலைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைப்பது கட்டாயம்.

சரி, பின்னே எதுக்கு இதை விடக்கூடாதுங்கறேன்? விஸ்பர் படித்தால் படித்தது, இல்லையென்றால் ஒன்றுமில்லை. கியூஆர்எஸ்எஸ் படத்தில் பாதி எழுத்தும் தெரியும், ஏன் பாதி என்பதும் தெரியும். மோட்டார் ஸ்டார்ட்டர் போடும் சத்தமும் இடியும் மெல்லிய செங்குத்துக் கோடாக விழும், கண் அதைத் தானாகத் தள்ளிவிடும். இன்வெர்ட்டர், எல்இடி பல்பு இரைச்சல் பட்டையாக அலையும். பட்டறையும் பம்பு கம்பெனியும் நிறைந்த நம்ம பக்கத்தில், எந்த இரைச்சல் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லைங்க. விடிகாலையில் அயனி மண்டலம் எதிரொலிக்கும் உயரம் இறங்கும்போது கோடு கொஞ்சம் மேலே வளையும், சாயங்காலம் கீழே. வானம் அசைவதை வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம். கருவியும் எளிசு: ஒரு கிரிஸ்டல், ஒன்றிரண்டு டிரான்சிஸ்டர், புள்ளி-கோடு போட ஒரு சின்ன சிப். விஸ்பருக்கு வேண்டிய துல்லியமான கடிகாரம்கூட வேண்டாம்.

மெதுவுக்கும் ஒரு எல்லை உண்டு. 137 கிலோஹெர்ட்ஸில் 60 நொடிப் புள்ளி செல்லும், அங்கே அலை அசையாமல் நிற்கும். 10 மெகாஹெர்ட்ஸில் அதையே செய்தால் ஒரு புள்ளிக்குள்ளேயே சிக்னல் மங்கி மீண்டுவிடும், கோடும் கலங்கும். அங்கே 10 நொடிக்கு மேல் போவது வெறும் பிடிவாதம்.

புதுசாக வருபவர்களுக்கு: இதைப் பழகினால் மோர்ஸ் வந்துவிடும் என்று நம்பாதீங்க. தேர்வில் "விடியூ2" ஐந்தரை நொடியில் காதைக் கடந்து போய்விடும்.