மான் திரும்பி வருமா?

விருத்தாசலத்தில் வாழும் நமக்குச் சூளை புதிதன்று. நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணைப் பிற கனிமப் பொடிகளுடன் குழைத்து அச்சில் வார்த்த பொம்மை, சூளை ஏறும்வரை வெறும் மண்ணே. தண்ணீரில் இட்டால் கரைந்து சேறாகிவிடும். ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தைக் கடந்துவிட்டாலோ, பிறகு அது உடையலாம்; ஒருநாளும் சேறாகாது. மெருகும் வண்ணமும் அதன் பின்னரே வருகின்றன. வாசிப்பும் ஏறக்குறைய இத்தகையதே. பட்டம் பெற்ற கையோடு நூலைத் தூர வைத்துவிட்டவர்களையும், மூன்று நான்கு வகுப்போடு நிறுத்தப்பட்டும் கண்ணொளி மங்கும்வரை நூலும் கையுமாக இருந்த மூதாட்டியரையும் நம் குடும்பங்களிலேயே காண்கிறோம். பின்னவருக்குக் கிடைத்து முன்னவருக்குக் கிடைக்காமற்போன அந்த முதற்சூடு எது?

‘நல்ல நூல்கள்’ என்று விடை சொல்லிவிடுவது எளிது. ஆனால் நம் வீடுகளில் நல்ல நூல் என்றால் பெரும்பாலும் அறிவுரை நூல் என்றே பொருள். பெருநாள் அன்பளிப்பாகவும், மதரஸா ஆண்டுவிழாப் பரிசாகவும் பிள்ளைகளின் கைக்கு வருபவை அவையே. பொய் பேசாதே, பெற்றோரைப் பேணு, தொழுகையை விடாதே என்று அவை சொல்லும் எதையும் நாம் மறுக்கப் போவதில்லை. எனினும், ஐயம் எழுமுன்பே விடை கூறிவிடும் நூலில் பிள்ளைக்கு வேலை ஏதுமில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டவேண்டிய தேவையும் இல்லை. நெஞ்சில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, விடைக்காகக் காத்திருக்கச் செய்யும் நூலே ஒருவரை வாழ்நாள் வாசகராக்குகிறது என்பது நம் கருத்து.

இதற்குச் சான்று தேடி வேற்றிடம் போகவேண்டியதில்லை. சீறாப்புராணம் இருக்கிறது. உமறுப் புலவரை ஊக்குவித்த வள்ளல் சீதக்காதி மறைந்தபின், அக்காப்பியத்தைப் புரந்தவர் நம் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையின் அபுல் காசிம் மரைக்காயர் ஆவார். ஆகவே நடுநாட்டார் நமக்கு அந்நூலின்மேல் சற்றே கூடுதலான உரிமை உண்டு என்று சொல்லிக்கொள்வதில் பிழையில்லை! மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5027 பாடல்கள். நம் முன்னோருள் பலர் இதனைக் கண்ணால் படித்தவரல்லர். ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பொருள் விரிக்கக் காதால் கேட்டவர்கள். அவ்வாறு கேட்டிருந்த ஒரு பிள்ளையின் இடத்தில் நம்மை வைத்துக்கொண்டு, ‘மானுக்குப் பிணை நின்ற படல’த்தை நோக்குவோம்.

கதை யாவரும் அறிந்தது. வேடன் ஒருவனிடம் சிக்கிக் கட்டுண்டு கிடக்கிறது ஒரு பெண்மான். அவ்வழியே வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் அது முறையிடுகிறது. கன்று பசித்திருக்கும், பாலூட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன் என்கிறது. நபிகளார் அதற்குப் பிணை நிற்கிறார்கள். வேடன் நம்பவில்லை. காட்டுக்குள் போன மான் தானாகத் திரும்பி வருவதும் உண்டா என்பது அவன் கேள்வி.

கேட்டிருக்கும் பிள்ளையின் கேள்வியும் அதுவே அன்றோ! நபிகளாரின் வாக்கு பொய்க்காது என்பதை அப்பிள்ளை அறியும். ஆனால் மான்? அது விலங்கு, கட்டவிழ்ந்தது, எதிரே காடு விரிந்து கிடக்கிறது. உமறு அப்பிள்ளையை வேடனருகே நிறுத்திவைத்து, மான் வந்ததும் செய்தி சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மானோடு காட்டுக்குள்ளேயே அழைத்துச் செல்கிறார். அங்கே அதன் இனம் இருக்கிறது, கன்று இருக்கிறது, திரும்பாதிருக்க எல்லாக் காரணங்களும் இருக்கின்றன. பாலருந்திய கன்றை விட்டுப் பிரியும் இடம் நெஞ்சை அறுப்பது. மான் திரும்பவேண்டும் என்று விரும்புகிறோம்; அக்கணத்திலேயே, ஐயோ திரும்பிவிடுகிறதே என்றும் பதைக்கிறோம். ஒன்றோடொன்று மோதும் இவ்விரு விருப்பங்களையும் ஒரே நெஞ்சில் தாங்கிய பிள்ளைக்குச் சூளைத் தீ பட்டுவிட்டது எனலாம். இறுதியில் மான் வருகிறது. தாயை விடாமல் கன்றும் உடன் வருகிறது. கட்டியது ஒன்று, வந்து நிற்பன இரண்டு! வேடன் மனம் மாறி ஈமான் கொள்கிறான். வாக்குத் தவறாமை பற்றித் தனியே ஓர் அறிவுரை சொல்லவேண்டிய தேவை அங்கே யாருக்கும் நேரவில்லை.

இப்பகுதி பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றதுண்டு. மகிழத்தக்கதே. ஆயினும் சில பாடல்கள், அருஞ்சொற்பொருள், ‘இதனால் அறியப்படும் நீதி யாது?’ என்று சுருங்கியவுடன் மானுக்கு ஓட இடமில்லாமற் போயிற்று. சிறுவர்க்கென்று உரைநடையில் எழுதுவோரோ, தலைப்பிலேயே வாக்குத் தவறாத மான் என்று அறிவித்துவிடுகின்றனர். பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

சீறாவின் நடை கடினம் என்று சிலர் தடை எழுப்புவர். உண்மையே, இன்று துணையின்றி அதனுள் புகுவது பிள்ளைகளுக்கு அரிது. பொருள் சொல்லப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். அதனோடு, வீட்டில் பேசும் பேச்சை அச்சில் காட்டும் நூல்களும் அலமாரியில் இருக்கட்டும். தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாக வந்தபோது, நம்மவர் பேச்சு நாவலில் இவ்வளவு உயிரோடு நடமாட முடியுமா என்று வியந்தோர் பலர். நம்மூரை அடுத்த மணக்கொல்லையின் கண்மணி குணசேகரன், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே ‘அஞ்சலை’யை எழுதினார், நடுநாட்டுச் சொற்களைத் திரட்டி அகராதியும் ஆக்கினார். வயதுவந்த பிள்ளைகளுக்கு இவற்றைத் தயங்காமல் கொடுக்கலாம்.

மற்றொன்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. சீறா, நபிகளாரின் வாழ்வு முழுமையையும் பாடாமல் இடையில் நின்றுவிடுகிறது. பிறகு என்ன என்ற ஏக்கம் ஒருவரை விடவில்லை. காயல்பட்டினத்துப் பனீ அகுமது மரைக்காயர் எஞ்சிய வரலாற்றைப் பாடினார். அதுவே ‘சின்னச் சீறா’.

இனிப் பெண்மக்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புக்குமேல் பள்ளி செல்லாதவர். அவர் எழுதிய ‘காதலா? கடமையா?’ 1938இல் உ.வே. சாமிநாதையரின் முன்னுரையோடு வெளிவந்தது. அதன்பின் அரைநூற்றாண்டு நெருங்கும்போதும், துவரங்குறிச்சியில் ஒரு சிறுமி பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டாள். ஊர் நூலகமும், அங்கே கிடைத்த உருசிய நாவல்களின் தமிழாக்கங்களும் அவளுக்குப் பள்ளியாயின. அவரே ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ எழுதிய சல்மா. அந்நாவலின் போக்கோடு நம்மில் பலர் உடன்படாமல் இருக்கலாம். நமக்கும் சில இடங்களில் மாறுபாடு உண்டு. ஆனால் கதவுகள் அடைபட்டபோது நூலகக் கதவு ஒன்றுதான் திறந்திருந்தது என்ற செய்தியை எவரும் கடந்துபோக முடியாது.

சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. இந்திய மாநிலங்களில் இத்தகைய சட்டம் முதன்முதல் செய்யப்பட்டது இங்கேதான். அச்சட்டத்தின்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்கப்படுகிறது. ஆலடி ரோட்டில் இருந்தாலும் கடைத்தெருவில் இருந்தாலும், சொந்த வீடு உள்ள ஒவ்வொரு முஸ்லிம் குடும்பமும் அதைச் செலுத்தியே வருகிறது. பணம் கட்டிய நூல்களை நம் பெண்பிள்ளைகளுள் எத்தனை பேர் தொட்டிருக்கிறார்கள்? தனியே அனுப்பத் தயங்கும் தாய்மார்கள் வாரம் ஒருநாள் உடன் சென்று வரலாம். தங்கள் பெயரையும் பதிந்துகொள்ளலாம். வீடு திரும்பியதும், அந்நூலால் என்ன படிப்பினை பெற்றாய் என்று அவளை வினவவேண்டாம். எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறாள், அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறாள் என்பதைக் கேட்டுப் பார்க்கலாம்.