புள்ளிகளின் அமைதி: சின்யாக்கின் ‘ஆற்றங்கரை’

பிரெஞ்சு ஓவியர் பால் சின்யாக், சேன் ஆற்றோரச் சிற்றூராகிய லேசாந்தெலியில் 1886ஆம் ஆண்டுக் கோடையைக் கழித்தார். அங்குத் தீட்டிய ‘ஆற்றங்கரை’ ஓவியம் முதற்பார்வையில் அமைதியே உருவானது. அருகே செல்லின் வீடும் நீரும் கரைந்து, கலவாத வண்ணப் புள்ளிகளே எஞ்சுகின்றன; தொலைவே அவற்றை ஊராக்குகிறது. அதே ஆண்டில் கிளிஷி ஆலைப்பகுதியின் எரிவாயுத் தொட்டிகளையும் அவர் இம்முறையிலேயே தீட்டினார். எனவே, அமைதி புள்ளிகளில் இல்லை. பார்வையாளர் நிற்கும் இடத்தில் உள்ளது எனலாம்.

சிலாங்கூர் ஆற்றுப்படுகைத் தோட்டங்களுக்கும் இது பொருந்தும். ரவாங்கிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் பயணிக்குப் பசுமை மட்டுமே தெரியும். அங்கு வாழ்ந்தவருக்கோ மரம் சீவிய கைகளும் பெயர்ந்துபோன குடும்பங்களும் தெரியும். இயற்கை வருணனை கற்பிக்கும் ஆசிரியர் இவ்விரு தொலைவுகளையும் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும்.