ஊசிமுனைக்கு ஓர் அளவுகோல்

இசைத்தட்டுக்குத் திரும்பியிருக்கும் தமிழ்க் கேட்பாளர்களிடம் கார்ட்ரிட்ஜ் பற்றிய பேச்சு பெரும்பாலும் விலைப்படியில் ஏறுகிற பேச்சாகவே இருக்கிறது. இதை வைத்திருந்தேன், அடுத்ததற்குப் போனேன், ஒலி திறந்துகொண்டது என்பார்கள். எந்தத் தட்டை வைத்து, எந்த டோன் ஆர்மில் பொருத்தி, எப்படி நேர்செய்து கேட்டார்கள் என்று கேட்டால் பதில் தளர்ந்துவிடும். அளவுகோல் இல்லாத மதிப்பீடு விருப்பத்தைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. கார்ட்ரிட்ஜின் தரம் அது படிக்கப்போகும் பள்ளத்தைப் பொறுத்தது என்பதை அடிப்படையாகக் கொண்டு, நம்மிடையே அதிகம் பேசப்படும் மூன்றை இங்கே எடைபோடுகிறேன்: டெனான் டிஎல்-103, ஆர்ட்டோஃபோன் 2எம் வரிசையின் தொடக்க மாதிரிகள், ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசை.

முதலில் பள்ளம். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் குன்னம், வேப்பூர், செந்துறைப் பக்கம் இன்று கைக்கு வரும் பழைய தட்டு என்றால் அது மைக் செட்டில் ஓடிய தட்டு என்றே எடுத்துக்கொள்ளலாம். காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா என்று வேப்பமரத்தில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, விடியலில் பக்திப் பாடலில் தொடங்கி, நடுப்பகலில் சினிமாப் பாட்டு, இரவில் ‘திருவிளையாடல்’ வசனத்தட்டு என்று ஓட்டிய காலத்தின் எச்சம் இவை. அந்த மைக் செட் பெட்டிகளில் இருந்தவை செராமிக் கார்ட்ரிட்ஜுகள். இன்றைய காந்தக் கார்ட்ரிட்ஜ் ஏறத்தாழ இரண்டு கிராம் அழுத்தத்தோடு நின்றுவிடுகிறது. அவை அதைப் போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தின. முனையும் பல வேளைகளில் வைரமன்று, நீலக்கல். நீலக்கல் விரைவில் தேய்ந்து, உருண்டை முனையின் பக்கங்கள் தட்டையாகி, விளிம்பு உளியாகிவிடும். அதை மாற்றாமலே சீசன் முழுக்க ஓட்டினால் பள்ளத்தின் சுவர் செதுக்கப்படும். அந்தக் காயம் சுவர் முழுவதிலும் பரவுவதில்லை. உருண்டை முனை தொட்ட உயரத்தில் ஒரு பட்டையாக மட்டுமே விழுகிறது. தேர்வின் முதல் திறவுகோல் இந்தப் பட்டைதான்.

இரண்டாவது திறவுகோல் வேகம். 33⅓ சுழற்சியில் ஓடும் எல்பியின் வெளிவிளிம்பில் பள்ளம் விநாடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. வேகத்தில் ஊசியைக் கடக்கிறது. உள்விளிம்பில் அது 21 செ.மீ. ஆகக் குறைகிறது. அங்கே 10,000 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 21 மைக்ரான்; அரை அலைக்குப் பத்தரை மைக்ரான்தான். விஎம்95சி-யின் உருண்டை முனைக்கு ஆரம் 15 மைக்ரான். அந்த வளைவுக்குள் அது இறங்க முடியாமல் மேலோடு உரசிச் செல்லும். நீள்வட்ட முனையின் பக்க ஆரம் 8 மைக்ரானை ஒட்டியது. இறங்கும், ஆனால் நெருக்கடியோடு. மைக்ரோலீனியர் முனைக்குப் பக்க ஆரம் 3 மைக்ரான்தான். பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’வும் ‘ஷ’வும் சீறிப் பிசிறுவதன் காரணம் இதுதான். பாடகரையோ பதிவையோ பழித்து நாம் விட்டுவிட்ட குறைகளில் கணிசமான பங்கு ஊசிமுனைக்கு உரியது.

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு டிஎல்-103-க்கு வருவோம். 1962-இல் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக உருவான மூவிங் காயில் இது. இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. ஒரு வடிவமைப்பு இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததே அதன் நேர்மைக்குச் சான்று. நடுத்தர அலைவரிசையில், அதாவது மனிதக் குரல் வாழும் இடத்தில், இதற்கு இருக்கும் திண்மை மறுக்க முடியாதது. டி.எம்.எஸ். குரலின் கனத்தை இவ்வளவு உறுதியாகத் தரும் கார்ட்ரிட்ஜ் இந்த விலையில் குறைவு. குறைகளோ அமைப்பிலேயே உள்ளவை. முனை உருண்டை, எனவே மைக் செட் ஊசி தேய்த்த அதே பட்டையில்தான் இதுவும் உட்காரும். வெளியீடு 0.3 மில்லிவோல்ட், தனி மூவிங் காயில் பெருக்கியோ ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரோ வேண்டும். முனை தேய்ந்தால் ஊசியை மட்டும் கழற்றி மாற்ற வழியில்லை. நல்ல நிலையில் உள்ள மோனோ, குரல் தட்டுகளுக்கு இது சிறந்த கருவி. தேய்ந்த தட்டுக்கும் உள்பள்ளத்துக்கும் பொருந்தாத கருவி.

2007-இல் வந்த ஆர்ட்டோஃபோன் 2எம் வரிசையின் ரெட், பல புதிய டர்ன்டேபிள்களோடு சேர்ந்தே வருவதால் பலருக்கும் முதல் அறிமுகம். 5.5 மில்லிவோல்ட் வெளியீடு, 1.8 கிராம் அழுத்தம், 8/18 மைக்ரான் நீள்வட்டம் என்று எல்லாம் ஒழுங்கானவை. ஒலி துடிப்பானது, தாளவாத்தியத்தில் கூர்மை உண்டு. ஆனால் முனை ஒட்டுமுனை. உலோகக் காலில் ஒட்டிய சிறு வைரம், அதனால் அசையும் நிறை கூடுகிறது. இளையராஜாவின் எண்பதுகளின் வயலின் கூட்டம் உச்சத்துக்குப் போகும்போது ரெட்டில் நரம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதே உடலில் ப்ளூவின் ஊசியைச் செருகினால் இந்தக் குறை பெரிதும் தீர்கிறது. ப்ளூ முழுவைர முனை. வரிசையின் உண்மையான சாதனை ப்ளூவில்தான் தொடங்குகிறது என்பேன். என்றாலும் இரண்டின் முனை அளவும் ஒன்றே. தேய்ந்த பட்டைக்குக் கீழே போய்ப் படிக்கும் திறன் ப்ளூவுக்கும் அதிகமில்லை.

விஎம்95 வரிசை 2018-இல் வந்தது. இதன் முதன்மையான சிறப்பு முறைமை: ஒரே உடல், ஆறு ஊசிகள். உருண்டை, ஒட்டு நீள்வட்டம், முழுவைர நீள்வட்டம், மைக்ரோலீனியர், ஷிபாட்டா, 78 சுழற்சித் தட்டுக்கான மூன்று மில் (ஆயிரத்தில் மூன்று அங்குல) ஊசி ஆகிய எல்லாம் ஒன்றில் செருகலாம். பலவகைத் தட்டு வைத்திருக்கும் தமிழ்ச் சேகரிப்பாளருக்கு இது வசதியைத் தாண்டிய விஷயம். 78 சுழற்சி அரக்குத் (ஷெல்லாக்) தட்டின் பள்ளம் அகலமானது. எல்பி ஊசி அதன் அடியில் விழுந்து அழுக்கைத்தான் படிக்கும். ஷெல்லாக் தட்டுக்கு வேறு ஊசி என்பது சலுகையல்ல, தேவை. (இடையில் ஒன்று: அரக்குத் தட்டைக் கழுவும்போது ஆல்கஹால் படக்கூடாது, அரக்கு அதில் கரையும். வினைலுக்குச் சொன்ன வைத்தியத்தை அதற்குச் செய்து தட்டை இழந்தவர்கள் உண்டு.)

வரிசையில் எம்எல் என்ற மைக்ரோலீனியர்தான் என் கவனத்துக்குரியது. அதன் முனை சுவரை உயரவாக்கில் நீண்ட கோடாகத் தொடுகிறது. பழைய ஊசி செதுக்கிய பட்டைக்கு மேலும் கீழும் இன்னும் சிதையாத சுவர் இருந்தால் அதிலிருந்தும் ஒலியை எடுக்கிறது. இதற்கு எல்லை உண்டு: காயம் ஆழமானால் எந்த முனையும் மீட்காது, பள்ளத்தின் அடியில் படிந்த புழுதியை எம்எல் தயவின்றிக் காட்டும். பருத்தியும் மக்காச்சோளமும் அறுவடையாகும் பருவத்தில் பெரம்பலூர்ப் பக்கத்து வீடுகளில் தட்டைக் கழுவாமல் எம்எல் பொருத்துவது வீண். மேல்ஸ்தாயியில் லேசான மினுக்கமும் இருக்கிறது. கேபிளும் பெருக்கியும் சேர்ந்த மின்தேக்கம் 200 பிகோஃபாரடைத் தாண்டினால் அது எரிச்சலாக மாறும். நிறுவனம் சொல்லும் வரம்பு 100 முதல் 200 வரை. இதைச் சரிபார்க்காமல் “எம்எல் கூச்சலிடுகிறது” என்று எழுதுகிறவர்கள் கேபிளைத்தான் விமர்சிக்கிறார்கள்.

விலையை ஆயுளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆடியோ-டெக்னிகா தன் நீள்வட்ட முனைக்குச் சொல்லும் ஆயுள் 300 மணி, மைக்ரோலீனியருக்கு 1,000 மணி. எம்எல் விலை, ஒட்டு நீள்வட்டத்தின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆயுளோ மூன்று மடங்குக்கு மேல். மணிக்கணக்கில் எம்எல் விலை கூடியதன்று.

டோன் ஆர்மோடு பொருத்தம் என்பது நம்மூரில் குறைவாகவே பேசப்படும் பகுதி. டோன் ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் தாமாகவே ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். கணக்கு எளியது: 159-ஐ, மொத்த நிறையையும் ஊசியின் நெகிழ்வையும் பெருக்கியதன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 12 கிராம் ஆர்மில் 7.2 கிராம் 2எம் ரெட்டும் திருகும் சேர்ந்தால் 20 கிராம், நெகிழ்வு 20, பெருக்கினால் 400, மூலம் 20, விடை 8 ஹெர்ட்ஸ். விளிம்பில் நிற்கிறது. விஎம்95 வரிசைக்குத் தரப்படும் நெகிழ்வு எண் 100 ஹெர்ட்ஸில் அளந்தது. அதை ஒன்றரை மடங்காக்கிக் கணக்கிட்டால் 9 முதல் 11 ஹெர்ட்ஸில் வருகிறது. நல்ல பதிவோடு வளைவில்லாத தட்டுக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை. ஆனால் கோடை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் கிடந்து வளைந்த தட்டுக்குப் பொருட்டுண்டு: வளைவின் அசைவு ஐந்தாறு ஹெர்ட்ஸ் வரை எட்டும், 8-இல் ஆடும் இணைக்கு அது பக்கத்து வீடு.

இனி நேர்செய்தல். தேர்வில் செய்த பிழையைவிட இங்கே செய்யும் பிழை பெரிது. தவறாகப் பொருத்திய எம்எல், சரியாகப் பொருத்திய உருண்டை முனையைவிட மோசமாக ஒலிக்கும். முனை நுண்மையாக ஆக ஆக அது மன்னிப்பதும் குறைகிறது.

பெரும்பான்மையான பிழை, கார்ட்ரிட்ஜைக் கோணம் பார்த்துப் பொருத்த உதவும் அச்சிட்ட கோணத்தாளிலிருந்து தொடங்குகிறது. அந்தத் தாளின் கணினிக் கோப்பைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால், தாளுக்கு அடங்கும்படி சுருக்கி அச்சிடும் தேர்வு இயல்பாகவே போடப்பட்டிருக்கும். 100 மி.மீ. கோடு 97 ஆகிவிடும், 66 மி.மீ.யில் இருக்க வேண்டிய புள்ளி 64-க்கு வந்துவிடும். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். தாளில் 100 மி.மீ. கோடு ஒன்று இருக்கிறதா, அது இரும்பு ஸ்கேலில் 100-தானா என்று பார்க்காமல் திருகைத் தொடக்கூடாது. கார்ட்ரிட்ஜின் உடலை வைத்து நேர்பார்ப்பது போதாது. முனையைத் தாங்கும் ஊசிக்காலைத்தான் (கேண்டிலீவர்) கோட்டோடு இணையாக வைக்க வேண்டும். உடலுக்கும் காலுக்கும் இடையே சிறு கோணல் இருப்பது சாதாரணம்.

எந்தக் கணக்கைப் பின்பற்றுவது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. லோஃப்கிரென் 1938-இல் வகுத்து, பேர்வால்ட் 1941-இல் எடுத்துரைத்த முறையில் பிழையற்ற புள்ளிகள் தட்டின் மையத்திலிருந்து 66, 120.9 மி.மீ.; தட்டு முழுவதிலும் விலகலைச் சமமாகப் பங்கிடும். ஸ்டீவன்சன் 1966-இல் தந்த முறையில் அவை 60.3, 117.4, உள்முனையைக் காத்து நடுப்பகுதியை விட்டுக்கொடுக்கும். மேலைநாட்டு எழுத்தில் ஸ்டீவன்சனுக்கு மதிப்புக் குறைவு. எல்பியை மட்டும் கேட்பவருக்கு அது நியாயமே. ஆனால் தமிழ்ச் சினிமாவின் பெரும்பகுதி 45 சுழற்சி இபிக்களில் கிடக்கிறது. பக்கத்துக்கு இரண்டு பாட்டு என்று நெருக்கி வெட்டிய அந்தச் சிறு தட்டில் பள்ளம் லேபிளை ஒட்டி ஓடுகிறது. வேகமும் விநாடிக்கு 40 செ.மீ.யில் தொடங்கி 25-இல் முடிகிறது. அதன் இரண்டாவது பாட்டு முழுவதும் உள்வட்டத்துப் பாட்டு. இபி மிகுதியாக வைத்திருப்பவர் ஸ்டீவன்சனைத் தேர்வது பிழையன்று, நல்ல தேர்வு.

மற்றவை விரைவாக. அழுத்தத்தை நகைக்கடைக்காரர் பயன்படுத்தும் 0.01 கிராம் மின்தராசில் அளக்கலாம். தராசின் தட்டு இரும்பானால் காந்தம் இழுத்துப் பொய்யெண் காட்டும், முனை நிற்கும் உயரமும் இசைத்தட்டின் உயரத்தில் இருக்க வேண்டும். விதித்த வரம்பின் மேல்பாதியில் வைப்பது நல்லது: குறைந்த அழுத்தத்தில் தடுமாறும் ஊசிதான் தட்டைக் கெடுக்கும். ஆர்ம் உட்பக்கம் இழுபடுவதை ஈடுசெய்யும் ஆன்டி-ஸ்கேட்டுக்கு வழவழப்பான வெற்றுத்தட்டை நம்பாதீர்கள். பள்ளம் இல்லாத இடத்தில் பள்ளத்தின் உராய்வை அளக்க முடியாது. உரத்த பகுதியில் வலப்பக்கம் முதலில் பிசிறினால் கூட்டுங்கள், இடப்பக்கமானால் குறையுங்கள். டோன் ஆர்மின் பின்பக்க உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் மாற்றம், முனைக் கோணத்தில் கால் டிகிரி மட்டுமே. தட்டுக்குத் தட்டு அதை மாற்றிக்கொண்டிருப்பது இசையைவிட்டுக் கருவியைக் கேட்பது. டர்ன்டேபிளைச் சுவரில் பதித்த கடப்பாக்கல் மேல் வைத்தால் அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரிகளின் உறுமல் தரைவழியே ஏறுவது குறையும்.

சோதனைக்கு அயல்நாட்டுச் சோதனைத்தட்டு வேண்டியதில்லை. 1963-இல் வெளியான எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எல்பி போதும்: வடமொழி உரசொலிகள் இடைவிடாமல் வருவதால், பக்கத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ‘ஸ’ எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டால் நேர்செய்தலின் தரம் வெளிப்படும். அடுத்தது ‘கொஞ்சும் சலங்கை’ (1962). காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் எஸ். ஜானகியின் குரலும் ஒரே உயரத்தில் மாறிமாறி வரும் பாட்டு அதில் உண்டு. நாகசுரத்தின் மேல்சுரங்கள் ஊசியைக் கடுமையாக உலுக்கும். சீவாளியின் கரகரப்பும் ஊசியின் பிசிறலும் வேறுவேறாகக் கேட்டால் கார்ட்ரிட்ஜ் தேர்ந்தது. இரண்டும் ஒன்றாகக் குழம்பினால், விலை என்னவாக இருந்தாலும், இன்னும் தேரவில்லை. இந்தச் சோதனையில் டிஎல்-103 குரலை வென்று நாகசுரத்தைக் கோட்டைவிடுகிறது. 2எம் ப்ளூ இரண்டிலும் நடுநிலையாக நிற்கிறது. நேர்செய்த எம்எல் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. குரலின் கனத்தில் மட்டும் டெனானுக்கு ஒருபடி கீழே.

தீர்ப்பு இது: பழைய தமிழ்த் தட்டுகளைச் சேர்ப்பவருக்கு விஎம்95 உடலும் எம்எல் ஊசியும், அரக்குத்தட்டு இருந்தால் கூடவே மூன்று மில் ஊசியும். புதிய அழுத்தங்களை மட்டும் கேட்பவருக்கு 2எம் ப்ளூ போதுமானது. ரெட் வைத்திருப்பவர் ஊசியை மட்டும் மாற்றலாம். டிஎல்-103, தேயாத மோனோத் தட்டும் தனிப் பெருக்கியும் வைத்திருக்கும் குரல் விரும்பிகளுக்கு. இவற்றில் எதை வாங்கினாலும், காசு கொடுப்பதற்கு முன் இரும்பு ஸ்கேலும் மின்தராசும் வாங்கிவிடுங்கள்.