எட் அஸ்னரும் லூ கிராண்டும்: நடிகனின் குரலும் உடைமையாளரின் திரையும்

1

தொலைக்காட்சி நடிகர் ஒருவரின் வாழ்வையும் தொழிலையும் ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமா என்ற வினா எழுதல் இயல்பே. நாவலையும் நாடகத்தையும், ஓரளவுக்குச் சினிமாவையும், சமுதாயப் பின்னணியில் வைத்து நோக்கப் பழகிய நாம், தொலைக்காட்சித் தொடர்களை வெறும் பொழுதுபோக்குச் சரக்கு என ஒதுக்கிவிடுகிறோம். அவை சரக்கு என்பதில் ஐயமில்லை. ஆயின், சரக்காக இருப்பதனாலேயே அவை ஆய்வுக்குரியனவாகின்றன. அச்சரக்கினை உற்பத்தி செய்பவர் எவர், விற்பவர் எவர், உண்மையில் விற்கப்படுவது எது, அவ்வுற்பத்தியில் உழைக்கும் கலைஞனின் நிலை யாது என்னும் வினாக்களுக்கு, ஐக்கிய அமெரிக்காவின் தொலைக்காட்சி நடிகர் எட் அஸ்னரின் (1929 - 2021) வாழ்வு தெளிவான சான்றாக அமைகின்றது.

இன்றைய இளந்தலைமுறையினர் அவரை 'அப்' (2009) என்னும் அசைவூட்டப் படத்தில், பலூன்களாற் பறக்கும் வீட்டின் கிழவருக்குக் குரல் கொடுத்தவராகவே அறிவர். அவரது தொழில்வாழ்வின் மையமோ 1970 முதல் 1982 வரையான பன்னிரண்டு ஆண்டுகளாகும். அக்காலப் பகுதியில் அவர் லூ கிராண்ட் என்ற ஒரே பாத்திரத்தை, முதலில் நகைச்சுவைத் தொடரொன்றிலும் பின்னர் சமூகப் பிரச்சினைகளைக் கையாண்ட தொடரொன்றிலுமாக நடித்தார். ஒரே பாத்திரத்துக்கு நகைச்சுவை, நாடகம் ஆகிய இருவகையிலும் எம்மி விருதினைப் பெற்ற முதல் நடிகர் அவரே. விருதுகள் எமது கரிசனைக்குரியனவல்ல. இரண்டு வடிவங்களும் ஒரே உண்மையை எவ்வாறு வெவ்வேறாகச் சொல்லின என்பதும், நடிகரின் சொந்த வாழ்வு அவற்றுள் எதனை மெய்ப்பித்தது என்பதுமே ஈண்டு நாம் ஆராய முற்படுவன.

2

அஸ்னர் மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் நகரில் பிறந்து, எல்லைக்கு அப்பால் கன்சாஸ் மாநிலத்திலுள்ள அதே பெயர்கொண்ட நகரில் வளர்ந்தவர். பெற்றோர் கிழக்கைரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர். தந்தையார் பழம்பொருள் வணிகர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கல்வி இடைநடுவில் நின்றது. மோட்டார் வாகனத் தொழிற்சாலையிற் சிலகாலம் தொழிலாளியாக இருந்தார், பின்னர் இராணுவ சேவை, அதன்பின் சிக்காகோவின் சிறு நாடகக் குழு, அங்கிருந்து நியூயோர்க். உழைக்கும் வர்க்கத்தின் வாழ்வை நூல்கள் வழியன்றி நேரே அறிந்த ஒருவர் நடிப்புக்கு வந்தார் என்பது, அவரது பிற்கால நிலைப்பாடுகளை விளங்கிக்கொள்ள உதவும்.

நியூயோர்க்கில் அவர் நடித்த பாத்திரங்களுள் ஒன்று சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. பிறெக்ற்றின் 'மூன்று பென்னி இசைநாடகம்' நெடுங்காலம் மேடையேறிக்கொண்டிருந்தபோது, அதில் பீச்சம் பாத்திரத்தை ஏற்றவர்களுள் அவரும் ஒருவர். பிச்சைக்காரருக்கு வேடமும் ஊனமும் வழங்கி, மனித இரக்கத்தையே மூலதனமாக்கிப் பணம் பண்ணுபவன் பீச்சம். இரக்கம் சந்தைப் பண்டமாகக்கூடும் என்பதை மேடையில் நின்று சொல்லிய நடிகர், 1961இல் ஹொலிவூட்டுக்குச் சென்றார். இரக்கமும் சிரிப்பும் கண்ணீரும் விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே விலைப்படும் தொழிலுக்கு அவர் சென்றார் என்பதைக் குறிப்பிட்டு, மேலே செல்வோம்.

3

சீ.பி.எஸ். நிறுவனம் 1970 முதல் 1977 வரை ஒளிபரப்பிய 'மேரி ரைலர் மூர் ஷோ' என்ற நகைச்சுவைத் தொடரில், மினியாப்பொலிஸ் நகரின் சிறிய தொலைக்காட்சி நிலையமொன்றின் செய்திப் பிரிவுத் தலைவர் லூ கிராண்ட். முரட்டுச் சுபாவமும் மேசை இழுப்பறையில் மதுப்போத்தலும் கொண்ட அவர், உள்ளூர மென்மையானவர். தனித்து வாழும் இளம் பெண்ணொருத்தியைத் தொழிலாற்றும் மனிதராகக் காட்டிய வகையில் அத்தொடர் அக்காலத்துக்குப் புதுமையானது. எனினும் அதன் சிரிப்பு யாரையும் காயப்படுத்தாத சிரிப்பே.

ஆயின் 1977 மார்ச்சில் ஒளிபரப்பான இறுதி அத்தியாயம் ஆழ்ந்த கவனத்துக்குரியது. நிலையத்தின் நிருவாகம் கைமாறுகின்றது. செய்திப் பிரிவின் வீழ்ச்சிக்குக் காரணம் தேடும் புதிய முகாமையாளர், திறமையோடு உழைத்த அனைவரையும் வேலையிலிருந்து நீக்குகின்றார். எஞ்சுபவர், செய்தியை விளங்கிக்கொள்ளவும் பிழையின்றி வாசிக்கவும் தெரியாத அறிவிப்பாளர் ஒருவரே. சிரிக்கவைக்கும் நோக்குடன் எழுதப்பட்ட இம்முடிவிலே, அமெரிக்கத் தொலைக்காட்சி தன்னைப் பற்றித் தானே அளித்த ஒப்புதல் வாக்குமூலம் பொதிந்துள்ளது. உழைப்பின் தரத்துக்கும் வேலையின் உறுதிக்கும் இடையே தொடர்பில்லை, முடிவெடுப்பவன் உடைமையாளனே, அவன் தனது முடிவுக்குக் காரணங் கூறவேண்டிய கட்டாயமும் இல்லை. நகைச்சுவை என்பதால் இவ்வுண்மைக்கு அனுமதி கிடைத்தது.

அதே காலத்தில் அஸ்னர் நடித்த இரு துணைப் பாத்திரங்களும் நோக்கத்தக்கவை. 'செல்வன், ஏழை' எனப் பொருள்படும் தொடரில் (1976) கசப்பும் வன்மமும் நிறைந்த ஜேர்மன் குடியேறியான ரொட்டிக்காரராக நடித்தார். அலெக்ஸ் ஹேலியின் நூலைத் தழுவிய 'வேர்கள்' தொடரில் (1977) அடிமைக் கப்பலொன்றின் தலைவர் டேவிஸாகத் தோன்றினார். நூல், அடிமையாக்கப்பட்ட குன்டா கின்ரேயின் நோக்கிலிருந்தே அக்கப்பற் பயணத்தைக் கூறும். தொலைக்காட்சி வடிவமோ தெய்வபக்தியும் மனச்சாட்சியும் கொண்ட கப்பற்றலைவனுக்குப் பெரும் இடமளித்தது. வெள்ளையரான பார்வையாளர் தொடர்ந்து பார்ப்பதற்கு அவர்களது மனச்சாட்சிக்கும் ஓர் ஆசனம் தேவைப்பட்டது போலும்! ஆயினும் அஸ்னரின் நடிப்பு அவ்வாசனத்தை வசதியானதாக விடவில்லை. அவரது டேவிஸ் வருந்துகிறார், பிரார்த்திக்கிறார்; கப்பலோ நிற்கவில்லை. தனிமனித நல்லெண்ணம் அமைப்பினை மாற்றாது, அதன் இயக்கத்துக்கு எண்ணெயும் இடக்கூடும் என்பதை இதனைவிடச் சுருக்கமாகக் காட்டிய பாத்திரங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அரிது.

4

வேலையிழந்த லூ கிராண்டை அதே தயாரிப்பு நிறுவனம் லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அனுப்பியது. 1977 செப்ரெம்பரில் ஆரம்பித்து ஐந்து பருவங்களில் 114 அத்தியாயங்களாக வந்த 'லூ கிராண்ட்' தொடரில், அவர் 'ட்ரிபியூன்' என்ற கற்பனைப் பத்திரிகையின் நகரச் செய்தி ஆசிரியர். பின்னணிச் சிரிப்பொலி இல்லை. அத்தியாயம் ஒவ்வொன்றும் ஒரு மணிநேரம். வியற்நாம் போரிலிருந்து மீண்டோரின் அவலம், முதியோர் படும் துன்பம், அணுவாயுத அச்சம், பத்திரிகையாளரின் ஒழுக்கம் முதலிய பொருள்கள் அதில் ஆராயப்பட்டன. ஓரளவு நேர்மையுடன் ஆராயப்பட்டன என்பதையும் மறுத்தற்கில்லை.

எனினும் அத்தொடரின் அமைப்பில் ஓர் அடிப்படைச் சமரசம் இருந்தது. அச்சமரசத்தின் பெயர் திருமதி பின்ச்சன். கணவனிடமிருந்து பத்திரிகையைப் பெற்ற கைம்பெண் அவர். செருக்குடையவர், பழைமைப் பற்றாளர். ஆயின் நெருக்கடி வருமிடத்துப் பெரும்பாலும் தமது ஆசிரியர்களின் பக்கம் நிற்பவர். நான்சி மார்ச்சன்ட் அப்பாத்திரத்தை மிகத் திறமையாக நடித்தார். விளம்பரதாரர் அழுத்தம் கொடுப்பர், அரசியல்வாதிகள் மிரட்டுவர். ஈற்றில் உடைமையாளரின் நற்பண்பு செய்தியைக் காப்பாற்றும். பிரச்சினை அமைப்பில் இல்லை, நல்ல மனிதர் உரிய இடங்களில் இருந்தாற் போதும் என்பதே இதன் உட்கிடை. தாராளவாத யதார்த்தவாதத்தின் பலமும் பலவீனமும் இதுவே. அது நோயின் அறிகுறிகளைத் துல்லியமாக விவரிக்கும். நோயின் மூலத்தை நெருங்கும்போது ஒரு நல்ல மனிதரை அழைத்துவந்து நிறுத்தும்.

நகைச்சுவைத் தொடரின் இறுதி அத்தியாயம் கூறிய உண்மையை, அதனைவிடக் 'கனதி'யான தொடர் மறைத்தது என்பது எமது கணிப்பு. வடிவத்தின் கனதியும் உண்மையின் கனதியும் எப்போதும் ஒன்றல்ல.

5

இனி நடிகரின் வாழ்வுக்கு வருவோம். 1980 ஜூலையில் அமெரிக்க நடிகர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கட்டணத் தொலைக்காட்சி, வீடியோ ஒளிநாடா ஆகிய புதிய சந்தைகளில் தமது உழைப்பினால் ஈட்டப்படும் வருவாயில் உரிய பங்கு வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. செப்ரெம்பரில் நடந்த எம்மி விருது விழாவை நடிகர்கள் புறக்கணித்தனர். அவ்வாண்டு 'லூ கிராண்ட்' தொடருக்காகச் சிறந்த நடிகராகத் தெரிவான அஸ்னரும் விழாவுக்குச் செல்லவில்லை. வேலைநிறுத்தத்தில் முன்னின்ற அவர் 1981இல் திரை நடிகர் சங்கத்தின் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்டு, 1985 வரை அப்பதவியில் இருந்தார்.

அதே சங்கத்துக்கு முன்னர் தலைமை தாங்கிய இன்னொருவர் அப்போது வெள்ளை மாளிகையில் இருந்தார். 1960இல் அச்சங்கத்தின் வேலைநிறுத்தத்தை வழிநடத்தியவர் ரொனால்ட் றேகன்; 1981 ஓகஸ்ற்றில் வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களைப் பதவிநீக்கியவரும் அவரே. ஒரே தொழிற்சங்கம் வரலாற்றின் இருவேறு திசைகளில் இருவரை அனுப்பியது.

1982 பெப்ரவரியில் அஸ்னர், வேறு சில கலைஞருடன் வாஷிங்டனில் இராஜாங்கத் திணைக்களத்தின் முன்னால் நின்று, எல் சல்வடோர் மக்களுக்கான மருத்துவ உதவியாக 25,000 டொலர் வழங்குவதை அறிவித்தார். றேகன் அரசாங்கம் ஆயுதமும் பயிற்சியும் வழங்கிய இராணுவ ஆட்சிக்கு எதிரான செயல் இது. பேராயர் றொமேரோ 1980இல் கொல்லப்பட்டிருந்தார். 1981 டிசெம்பரில் எல் மொசோட்டேயில் நடந்த படுகொலை பற்றிய செய்திகள் சில வாரங்களுக்கு முன்னரே அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளியாகியிருந்தன. சுதந்திரமான தேர்தலில் அந்நாட்டு மக்கள் பொதுவுடைமை அரசொன்றைத் தெரிவுசெய்தால் ஏற்பீரா என ஒரு நிருபர் வினவினார். அது அம்மக்களின் தெரிவாயின் ஏற்கவேண்டியதே என்ற கருத்தில் அவர் விடையளித்தார். ஜனநாயகத்தின் அரிச்சுவடியை ஒப்புவித்ததைத் தவிர அவ்விடையில் வேறொன்றும் இல்லை. புயல் எழுவதற்கு அதுவே போதுமாயிருந்தது.

கண்டனக் கடிதங்களும் கொலை மிரட்டல்களும் வந்தன. சங்கத்தின் முன்னாள் தலைவர் சார்ள்ற்றன் ஹெஸ்ற்றன் எதிரணியின் முன்னணியில் நின்றார். விளம்பரங்களைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் தொடங்கியது. கிம்பர்லி-கிளார்க் முதலிய நிறுவனங்கள் தொடரிலிருந்து தமது விளம்பரங்களை விலக்கிக்கொண்டன. ஐம்பதுகளின் கறுப்புப் பட்டியலைக் கண்டிக்கும் அத்தியாயமொன்றும் அப்பருவத்திலேயே ஒளிபரப்பானது. மே மாதத்தில் தொடர் நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

பார்வையாளர் தொகை குறைந்தமையே காரணம் என்றது சீ.பி.எஸ். தொகை குறைந்திருந்தது உண்மை. நிறுத்தத்துக்கு அரசியலே ஒரே காரணம் என்று அஸ்னரும் அவரது நண்பர்களும் கருதினும், ஆய்வாளர் அதனை ஐயத்திற்கு இடமின்றி நிறுவுதல் கடினம். ஆனால் 'தொகையா, அரசியலா' என்ற வினாவே பிழையாக அமைந்தது என்போம். வணிகத் தொலைக்காட்சியில் விற்கப்படும் பண்டம் நாடகமன்று. பார்வையாளரே பண்டம், வாங்குபவர் விளம்பரதாரர். வாங்குபவருக்குச் சங்கடம் தரும் பண்டத்தின் விலை சரிவது சந்தையின் நியதி. அங்கே தணிக்கையாளர் எவரும் கத்தரிக்கோலுடன் அமர்ந்திருக்க வேண்டியதில்லை. கணக்கேடே அவ்வேலையைச் செய்துவிடும். பழியும் எவர்மேலும் விழாது.

லூ கிராண்டுக்குக் கிடைத்த திருமதி பின்ச்சன் எட் அஸ்னருக்குக் கிடைக்கவில்லை. நாடகம் அளித்த ஆறுதலை வாழ்வு மறுத்தது. நகைச்சுவையின் இறுதி அத்தியாயமே மீண்டும் அரங்கேறியது.

எல் சல்வடோரைப் பொறுத்தவரை வரலாறு தன் தீர்ப்பினை வழங்கிவிட்டது. 1992இல் முடிவுற்ற அப்போரில் ஏறத்தாழ 75,000 பேர் மாண்டனர். ஐக்கிய நாடுகள் சபை ஆதரவில் அமைந்த உண்மை ஆணைக்குழு 1993இல் வெளியிட்ட அறிக்கை, தனக்குக் கிடைத்த முறைப்பாடுகளில் ஏறத்தாழ 85 சதவீதமானவை அரச படையினரையும் அவர்களைச் சார்ந்த ஆயுதக் குழுக்களையும் கொலைக் குழுக்களையும் சுட்டுவதாகக் கூறியது. 'பொறுப்பற்ற நடிகர்' என இகழப்பட்டவர், பொறுப்புள்ளோர் எனப்பட்டவர்களிலும் பார்க்க உண்மைக்கு அண்மையில் நின்றார்.

6

அஸ்னரின் பிற்காலத்தைச் சுருக்கமாகக் கூறலாம். 'புரொங்ஸ் சூ' (1987 - 88) உட்படப் பின்வந்த தொடர்கள் நிலைக்கவில்லை. ஒலிவர் ஸ்ரோனின் 'ஜே.எவ்.கே.' (1991) படத்தில், தமது கருத்துகளுக்கு முற்றிலும் மாறான வலதுசாரி காய் பனிஸ்ரராக நடித்தார். அசைவூட்டப் படங்களின் குரல் நடிப்பு அவருக்கு உழைப்பும் ஊதியமும் அளித்தது. தம்மைச் சோசலிசவாதி எனக் கூறிக்கொள்ள அவர் கூசவில்லை. 2020 டிசெம்பரில், மூத்த நடிகரின் மருத்துவக் காப்புறுதித் தகைமையைப் பறிக்கும் மாற்றங்களுக்கு எதிராகத் தமது தொழிற்சங்கத்தின் மருத்துவத் திட்டத்தின் மீதே வழக்குத் தொடுத்தோரில் முதற்பெயர் 91 வயதான அவருடையது. தொழிற்சங்கத்துக்கு விசுவாசம் என்பது அதன் நிருவாகத்துக்குப் பணிதல் அன்று என்பதை இறுதிவரை அவர் உணர்ந்திருந்தார். 2021 ஓகஸ்ற் 29இல் காலமானார்.

அவரை வீரராக வழிபடுதல் எமது நோக்கமன்று. ஐந்து ஆண்டுகள் அவரே அத்தாராளவாத ஆறுதலின் முகமாகவும் விளங்கினார். அவ்வாறு பெற்ற புகழே 1982இல் அவரது சொல்லுக்கு வலுவையும் தந்தது. வணிக அமைப்பு தனக்கு எதிரான குரலையும் தானே வளர்க்கின்றது. அக்குரல் கதைக்குள் ஒலிக்கும்வரை அதற்குப் பரிசளிக்கும். கதைக்கு வெளியே, ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி ஒலிக்கத் தொடங்கினால் ஒலிவாங்கியை எடுத்துவிடும். முற்போக்குக் கருத்துகள் திரையில் இடம்பெறுகின்றனவா என்று மட்டும் வினவும் விமரிசனம் பாதிவழியிலேயே நின்றுவிடுகின்றது. திரை எவருடையது என்ற வினாவே அதனை மறுபாதிக்கு இட்டுச் செல்லும்.